கட்டுமரம்

எடை குறைந்த மரங்களைக் கயிற்றால் சேர்த்துக் கட்டுவதால் கட்டுமரம் அப்பெயர் பெற்றது. படகினுள் நீர் நிறைந்தால் படகு மூழ்கும். கட்டுமரத்தில் ஏறும் நீரோ மர இடுக்குகள் வழியே வடிந்துவிடும்.

சோழமண்டலக் கரையில் அலைகள் உடையும் இடமே மீனவர்க்கு இடர் மிக்கது. இரண்டு மூன்று பேர் அலை தணியும் நேரம் பார்த்து, ஒருசேரத் துடுப்பு வலித்து அதைக் கடப்பர். ஒருவர் பிந்தினாலும் மரம் கவிழக்கூடும். விடியலுக்கு முன் வீசும் நிலக்காற்று பாய்மரத்தைக் கடலுக்குள் செலுத்தும். பிற்பகலில் கடற்காற்று கரைக்குத் திருப்பும். அப்போது எழும் அலைமீது ஏறியே கரை சேர்வர். இன்று சென்னையை அடுத்த கோவளத்தில் மீனவ இளைஞர்கள் சறுக்குப் பலகையில் அலையேறுகின்றனர்.

‘கட்டுமரம்’ என்னும் சொல்லே ஆங்கிலத்தில் ‘கேட்டமரான்’ ஆயிற்று. இன்று அது இரட்டை உடற்பகுதி கொண்ட படகைக் குறிக்கிறது. பொருள் மாறினும் பெயர் தமிழே.