கப்பற் பதிவேடுகளில் தமிழ்ப் பெயர்கள்: மின்தரவுத் தேடலில் ஒரு மொழியியல் சிக்கல்

1. முன்னுரை

குடும்ப வரலாற்றை ஆராய்வோர் ஆவணக் காப்பகங்களுக்கு நேரிற் சென்று பதிவேடுகளைப் புரட்டிய நிலை மாறி, இருந்த இடத்திலிருந்தே கணிப்பொறி வழியாகத் தேடும் வாய்ப்பு இன்று கிட்டியுள்ளது. எனினும், இத்தேடலின் பயன் பெயர்கள் எழுதப்பட்ட முறையைப் பொறுத்தே அமைகின்றது. நேட்டாலுக்கு ஒப்பந்தத் தொழிலாளராகச் சென்ற தமிழரின் பெயர்களைச் சான்றாகக் கொண்டு இச்சிக்கலையும் அதற்குரிய தீர்வையும் விளக்குவது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

2. தரவு

சென்னையிலிருந்து புறப்பட்ட 'ட்ரூரோ' என்னும் கப்பல் 1860 நவம்பர் 16 அன்று டர்பனை அடைந்தது. அது முதல் 1911 வரை 1,52,184 பேர் நேட்டாலுக்குச் சென்றனர். அவர்களுள் ஏறத்தாழ மூன்றில் இரு பங்கினர் சென்னை வழியாகச் சென்றவராவர். ஒவ்வொருவருக்கும் தனி எண் வழங்கப்பட்டது. அவ்வெண்ணுடன் பெயர், தந்தை பெயர், அகவை, சாதி, மாவட்டம், ஊர் முதலியன கப்பற் பதிவேடுகளில் ஆங்கில எழுத்தில் குறிக்கப்பட்டன. இப்பதிவேடுகளை அடிப்படையாகக் கொண்டு சுரேந்திர பானா 1991இல் ஆய்வு நூல் ஒன்றை வெளியிட்டார். டர்பனிலுள்ள காந்தி-லுத்துலி ஆவண மையம் இவற்றை மின்தரவாகவும் அளித்தது.

3. குடும்பப் பெயர் இன்மை

மேலைநாட்டுத் தேடல் முறைகள் குடும்பப் பெயரை முதன்மைப்படுத்துவன. தமிழர் பெயரமைப்பிலோ நிலையான குடும்பப் பெயர் இல்லை. கப்பலேறியவரின் இயற்பெயரே பின்னர்க் குடும்பப் பெயராயிற்று என்பது ஒரு நிலை; சாதிப் பட்டம் குடும்பப் பெயராயிற்று என்பது மற்றொரு நிலை. கவுண்டர் என்பது 'கோவெண்டர்' என அங்கு நிலைத்தமை பின்னதற்குச் சான்று. ஆகவே, இன்றைய குடும்பப் பெயரை இயற்பெயர், தந்தை பெயர், சாதி ஆகிய மூன்று இடங்களிலும் தேடுதல் வேண்டும்.

4. சவுண்டெக்ஸ் முறையும் தமிழொலியும்

ஒலியொப்புமையால் பெயர்களைத் திரட்டும் சவுண்டெக்ஸ் முறைக்கு அமெரிக்காவில் 1918இல் காப்புரிமை வழங்கப்பட்டது. இம்முறை பெயரின் முதலெழுத்தை அவ்வாறே கொள்கிறது. எஞ்சிய உயிர்களை விலக்கி, மெய்களை ஆறு தொகுதிகளாக்கி மூன்று எண்களால் குறிக்கின்றது. உயிரெழுத்து வேறுபாடுகளை இது எளிதிற் கடந்துவிடுகிறது. முதலெழுத்து மாறின் தோல்வியுறுகிறது. கோவிந்தசாமி என்னும் பெயரை 'ஜி', 'கே', 'சி' ஆகிய எதனைக் கொண்டும் தொடங்கலாம். அப்போது ஒரே பெயர் ஜி153, கே153, சி153 என மூவேறு குறியீடுகளைப் பெறுகிறது. எல்லம்மா என்னும் பெயரின் முதல் உயிர் பேச்சில் யகரச் சாயல் பெற்று ஒலிப்பதால் 'ஈ', 'ஒய்' என இரு முதலெழுத்துகளுக்கு இடமளிக்கிறது. பழனி என்பதன் ழகரத்தை 'எல்' கொண்டு எழுதின் 450 என்றும், இன்றைய வழக்குப்படி 'இசட்', 'எச்' கொண்டு எழுதின் 250 என்றும் குறியீடு அமைகின்றது.

இதற்கு மறுதலையான குறையும் உண்டு. முனியன், முனியம்மா ஆகிய இரண்டும் எம்550 என்னும் ஒரே குறியீட்டைப் பெறுகின்றன. ஆணும் பெண்ணும் ஒரே பட்டியலில் வந்து நிற்கின்றனர். முன்னதால் உரியவர் கிட்டாமற் போகிறார். பின்னதால் உரியவரல்லாதார் முன்னோராகக் கொள்ளப்படுகிறார். பின்னதே பெருங்கேடு, பிழையான ஊருக்கும் பிழையான உறவுக்கும் அது ஒரு குடும்பத்தை இட்டுச் செல்லும்.

5. தமிழ் எழுத்தே திறவுகோல்

ஒலிப்புடைய வல்லினத்தையும் ஒலிப்பிலா வல்லினத்தையும் தமிழ் நெடுங்கணக்கு ஒரே எழுத்தாற் குறிக்கின்றது. பிறமொழிப் பெயர்களை எழுதுங்கால் குறையெனக் கருதப்படும் இவ்வியல்பு, தேடலில் நன்மையாகிறது. எழுத்தர் எழுதிய வடிவங்களையெல்லாம் தமிழெழுத்தில் மீட்டெழுதி அதன்கீழ்த் தொகுத்தால், மேற்கண்ட மூன்று வடிவங்களும் கோவிந்தசாமி என்னும் ஒரே தலைப்பில் அடங்கும். -அன், -அம்மா என்னும் இறுதிகளும் காக்கப்படும்.

இதனைச் செய்யும் மொழிபெயர்ப்பாளர் மூன்று நெறிகளைக் கடைப்பிடித்தல் வேண்டும். முதலாவது, பதிவேட்டின் மூல எழுத்துக்கூட்டலை நீக்கலாகாது. மீட்டெழுதிய வடிவம் அதனருகில் தனியே நிற்கவேண்டும். இரண்டாவது, ஐயத்திற்குரிய மீட்புகளை ஐயத்திற்குரியன என்றே குறிக்கவேண்டும். மூன்றாவது, ஊரைக் கொண்டு மொழியைச் சரிபார்க்க வேண்டும். சித்தூர்ப் பகுதி 1911இல் தனி மாவட்டமாகும்வரை வட ஆர்க்காட்டைச் சேர்ந்திருந்தது. எனவே, 'வட ஆர்க்காடு' என்னும் குறிப்பு இன்றைய ஆந்திரப் பிரதேசத்து ஊரையும் சுட்டக்கூடும். பெயர் தெலுங்காகவும் இருக்கக்கூடும்.

6. முடிவுரை

பெயரொப்புமை ஒருவரை அடையாளம் காணும் சான்றன்று. தேடவேண்டிய பட்டியலைச் சுருக்கும் கருவியே. அவ்வாறு சுருங்கிய பட்டியலில் உரியவர் யாரெனத் துணிவதற்குத் தனி எண், தந்தை பெயர், அகவை, ஊர் ஆகியன ஒருங்கே பொருந்துதல் வேண்டும். தேடலைக் கணிப்பொறி விரைவுபடுத்துகின்றது. எந்தெந்த எழுத்து வேறுபாடுகள் ஒரே பெயரின் வடிவங்கள், எவை வேறு பெயர்கள் என வரையறுத்துத் தரும் பணி மொழியியலாளரைச் சார்ந்ததாகும்.