ஃபர்ஸ்ட் காப்பிக்குள் இத்தனை பூதமா?

"அச்சு அசல் அப்படியே இருக்கும்க்கா, ஃபர்ஸ்ட் காப்பி!" கடைக்காரர் இப்படிச் சொன்னால் கொஞ்சமாவது சபலப்படாதவர் யார்? லட்ச ரூபாய்ப் பை ஆயிரத்துச் சொச்சத்துக்குத் தோளில் தொங்கினால் யாருக்கு என்ன நஷ்டம்? இந்தச் சின்னக் கேள்வியைப் பிடித்துக்கொண்டு தோண்டினால், அடேயப்பா, கிணறு வெட்டப் பூதம் கிளம்பிய கதைதான்!

காப்பிக்குப் பயந்து பிறந்த டிசைன்!

லூயி வித்தோன் பைகளில் 'எல்.வி.' எழுத்தும் பூவும் நிறைந்திருக்குமே, அது வெறும் அழகுக்காக வரைந்தது அல்ல, தெரியுமா? 1854-இல் பாரிஸில் தொடங்கிய அந்த நிறுவனத்தின் பயணப் பெட்டிகளை ஆளாளுக்குக் காப்பியடித்தார்கள். கோடு போட்ட துணிக்கு மாறினார்கள், அதையும் விடவில்லை. 1888-இல் கட்டம் போட்டார்கள், அதுவும் தப்பவில்லை. 1896-இல் மகன் ஜார்ஜ், அப்பாவின் பெயரெழுத்துகளையே துணி முழுக்க இறைத்துவிட்டார். இனி எவன் தொடுவான்? தொட்டார்கள்! உலகில் மிக அதிகமாகக் காப்பியடிக்கப்படும் டிசைன்களில் இன்று அதுவும் ஒன்று.

போலிக்கு ஒரு மியூசியம்!

அதே பாரிஸில் 1951 முதல் போலிப் பொருள்களுக்கென்றே ஒரு அருங்காட்சியகம் இருக்கிறது. நடத்துவது யார்? அசல் தயாரிப்பாளர்களின் சங்கம்! பாங்காக்கிலோ ஒரு சட்ட நிறுவனமே இப்படியொரு மியூசியம் வைத்திருக்கிறது. பொருளாதார ஒத்துழைப்பு அமைப்பான ஓ.இ.சி.டி.யின் மதிப்பீட்டின்படி, 2021-இல் எல்லை தாண்டிய போலிச் சரக்கின் மதிப்பு சுமார் 46,700 கோடி டாலர். உலக இறக்குமதியில் இது 2.3 சதவீதம்!

வாங்கியவருக்கும் அபராதம்!

இத்தாலிக்குச் சுற்றுலா போய்த் தெருவோரம் போலிப் பை வாங்கினால், விற்றவர் மட்டுமல்ல, வாங்கிய நீங்களும் மாட்டலாம். அபராதம் 7,000 யூரோ வரை! பிரான்ஸில் போலியைக் கையில் வைத்திருப்பதே குற்றம். நம் நாட்டில் 1999-ஆம் ஆண்டு வணிகச் சின்னச் சட்டப்படி, விற்பவருக்கு 6 மாதம் முதல் 3 ஆண்டு வரை சிறை, 50,000 முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதம். தன் உபயோகத்துக்கு வாங்கியவரை அந்தத் தண்டனைப் பிரிவு தொடுவதில்லை. பாக்கியை மனசாட்சி பார்த்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டார்கள் போலும்!

பெயரைத் தொட்டால்தான் வம்பு!

அமெரிக்காவில் ஒரு சட்டையின் வெட்டையும் தையலையும் பார்த்து அப்படியே தைத்தால் பதிப்புரிமைச் சட்டம் பெரும்பாலும் வாயைத் திறக்காது. பிராண்ட் பெயரை ஒட்டினால்தான் வழக்கு. இதிலும் ஒரு விதிவிலக்கு: ஹெர்மெஸ் நிறுவனத்தின் பர்கின் பை. அதன் உருவத்தையே அங்கே வணிகச் சின்னமாகப் பதிந்து வைத்திருக்கிறார்கள்! அந்தப் பர்கினின் சாயலில், வால்மார்ட் இணையதளத்தில் 80 டாலருக்கும் குறைவாக வந்த ஒரு பை 2024 டிசம்பரில் தீயாய்ப் பரவியது. ஜனம் வைத்த பெயர் 'விர்கின்'!

கடையை மூடியவரையே கூப்பிட்டார்கள்!

நியூயார்க்கின் ஹார்லெம் பகுதியில் 1982-இல் கடை திறந்தவர் டேப்பர் டேன். குச்சி, ஃபெண்டி, வித்தோன் சின்னங்களைத் தோலில் அச்சிட்டு, அந்த நிறுவனங்களே கனவு காணாத ஜாக்கெட்டுகளைத் தைத்தார். ராப் பாடகர்களும் குத்துச்சண்டை வீரர்களும் மொய்த்தார்கள். விடுவார்களா? வழக்கு, ரெய்டு, 1992-இல் கடைக்குப் பூட்டு! ஃபெண்டிக்காக அவரைத் துரத்திய வழக்கறிஞர் யார் தெரியுமா? பின்னாளில் அமெரிக்க உச்ச நீதிமன்ற நீதிபதியான சோனியா சோட்டோமேயர்!

உச்சக்கட்டமே இனிமேல்தான். 2017-இல் குச்சி மேடையேற்றிய ஒரு ஜாக்கெட், டேன் 1980-களில் தைத்ததை உரித்து வைத்தாற்போல் இருந்தது. ஊரே கொதிக்க, குச்சி அவரோடு கைகுலுக்கியது. 2018-இல் ஹார்லெமில் குச்சி ஆதரவோடு டேனின் தையற்கூடம் மீண்டும் திறந்தது. காப்பியடித்தவரைக் காப்பியடித்த அசல்!

மிலான் மேடையில் கோலாப்பூர் செருப்பு!

2025 ஜூனில் பிராடா நிறுவனத்தின் ஆடவர் அலங்கார அணிவகுப்பில் ஒரு தோல் செருப்பு நடந்து வந்தது. பார்த்தால் நம் கோலாப்பூரி! 2019-இலேயே புவிசார் குறியீடு பெற்ற செருப்பு. முதலில் இந்தியாவின் பெயரையே காணோம். கண்டனம் கிளம்பியபிறகே, இந்தியக் கைவினைதான் தூண்டுதல் என்று பிராடா ஒப்புக்கொண்டது. ஏழை பணக்காரனைக் காப்பியடித்தால் ரெய்டு, பணக்காரன் ஏழையைக் காப்பியடித்தால் 'தூண்டுதல்'!

2,600 யூரோ பைக்குக் கூலி 53!

அசலை வாங்கினால் பாவமில்லை என்கிறீர்களா? 2024-இல் இத்தாலியின் மிலான் நீதிமன்றம், டியோர் குழுமத்தின் உற்பத்திப் பிரிவு ஒன்றை நீதிமன்றக் கண்காணிப்பில் வைத்தது. காரணம், துணை ஒப்பந்தப் பட்டறைகளில் தொழிலாளர்கள் சுரண்டப்படுவதைக் கவனிக்கத் தவறியது. கடையில் 2,600 யூரோ விலையுள்ள பைக்குத் தோல் நீங்கலாகப் பட்டறைக்குக் கொடுத்தது 53 யூரோ என்றன வழக்கு ஆவணங்கள். 2025-இல் கண்காணிப்பு விலக்கிக்கொள்ளப்பட்டது.

இன்னொன்று: பிரிட்டனின் பர்பரி, விற்காமல் தேங்கிய 2 கோடியே 86 லட்சம் பவுண்டு மதிப்புள்ள சரக்கை ஒரே நிதியாண்டில் அழித்ததாக 2018-இல் செய்தி வெளிவந்தது. கண்டனம் வெடித்ததும் அந்த வழக்கத்தையே கைவிட்டது.

போலிக் கண்ணாடி பொய் சொல்ல வைக்குமா?

2010-இல் வெளியான ஓர் ஆய்வு. பெண்களுக்கு அசல் விலையுயர்ந்த குளிர்கண்ணாடியைக் கொடுத்து, சிலரிடம் மட்டும் 'இது போலி' என்றார்கள். பிறகு கணக்குப் புதிர். எத்தனை போட்டோம் என்று அவர்களே சொல்லிக் காசு வாங்கிக்கொள்ளலாம். 'போலி' அணிந்தவர்களில் சுமார் 70 சதவீதம் பேர் கூட்டிச் சொன்னார்களாம். மற்றவர்களில் 30 சதவீதம்தான்!

அதற்குள் கண்ணாடியைக் கழற்றி எறியாதீர்கள். ஆய்வாளர்களில் ஒருவரான ஃபிரான்செஸ்கா ஜீனோவின் வேறு சில ஆய்வுகளில் தரவுகள் திருத்தப்பட்டதாகப் புகார் எழுந்தது. அவர் மறுத்தார். ஆனாலும் 2025-இல் ஹார்வர்டு பல்கலைக்கழகம் அவருடைய நிரந்தரப் பதவியைப் பறித்துவிட்டது!

காஞ்சிபுரத்துக்கும் வருவோம்!

காஞ்சிப் பட்டுக்குப் புவிசார் குறியீடு உண்டு. சில வகைத் துணிகளைக் கைத்தறிக்கே ஒதுக்கி 1985-இலேயே சட்டமும் உண்டு. கலப்படம் இல்லாத பட்டு என்பதற்கு 'சில்க் மார்க்' முத்திரையும் உண்டு. ஆனாலும் விசைத்தறிச் சேலைகள் 'காஞ்சிபுரம்' என்ற பெயரில் விலைபோகின்றன. பட்டே இல்லாததும் பட்டென்று விற்கிறது. பாரிஸ் கம்பெனிக்கு ஒரு பை விற்காமல் போனால் லாபத்தில் ஒரு துளி குறையும். இங்கே குறைவது நெசவாளியின் வாரக்கூலி!

அப்போ, வாங்கலாமா கூடாதா?

போலியென்று தெரிந்தே அசலென மற்றவர் தலையில் கட்டுவது பச்சை மோசடி. அதில் இரண்டாம் பேச்சில்லை. திருட்டு முத்திரை குத்திய பையும் வேண்டாம். செய்தவர் யார், என்ன கூலி, கேட்டால் பதில் சொல்ல ஒரு முகவரிகூடக் கிடையாது. சொந்தப் பெயரில் வரும் சாயல் பையில் அத்தனை குற்றமில்லை. ஆனால் கைவினைஞரின் உழைப்பைக் காப்பியடித்ததை வாங்கும்போது, மலிந்த விலையின் மிச்சத்தைக் கட்டுவது அவர் வீட்டு அடுப்பு. அதனால் அசலோ சாயலோ, விலைச்சீட்டைப் பார்க்குமுன் 'இதைச் செய்தவருக்கு எவ்வளவு கிடைச்சுது?' என்று கடையில் ஒரு வார்த்தை கேளுங்கள். லட்ச ரூபாய்க் கடையிலும் கேட்கலாம், தப்பில்லை!