அடுத்தடுத்து வந்த ஆசான்கள்

ஒரு வகுப்பை ஓர் ஆசிரியை பாதியில் விட்டுச் செல்ல, மற்றோர் ஆசிரியை ஏற்றுக்கொள்கிறார். ஆண்டு முடிவில் மாணவியர் பெறும் மதிப்பெண்களில் முன்னவர் பங்கு எவ்வளவு, பின்னவர் பங்கு எவ்வளவு? இதே கேள்வி கால்பந்துப் பயிற்சியாளர்களைப் பற்றியும் எழுகிறது. நம் நாட்டு அணிக்கு வந்த பயிற்சியாளர்களை இக்கண்கொண்டு சற்றே பார்ப்போம்.

முதலில் நிற்பவர் ஹைதராபாத்தைச் சேர்ந்த சையத் அப்துல் ரஹீம். இவர் பள்ளி ஆசிரியராக இருந்தவர் என்பது நமக்குத் தனி மகிழ்ச்சி! 1951-இல் டெல்லியில் நடந்த முதல் ஆசிய விளையாட்டுப் போட்டியில் ஈரானை 1-0 என வென்று இவரது அணி தங்கம் பெற்றது. ஆனால் மறு ஆண்டே ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் யூகோஸ்லாவியாவிடம் 10-1 என்று படுதோல்வி. நம்மவர் பலர் குளிரில் வெறுங்காலுடன் ஆடினர். அதன் பிறகே காலணி அணிவது கட்டாயமாயிற்று.

ரஹீம் சோர்ந்துவிடவில்லை. பந்தைத் தட்டிக்கொண்டே ஓடுவதைத் தடை செய்து போட்டிகள் நடத்தினார்; அதனால் பந்தை உடனே தோழருக்குக் கொடுக்கும் பழக்கம் வந்தது. பலங்குன்றிய காலால் மட்டுமே உதைக்கும் போட்டிகளும் வைத்தார். பலன் 1956-இல் தெரிந்தது. மெல்போர்ன் ஒலிம்பிக்கில் ஆஸ்திரேலியாவை அதன் சொந்த மண்ணிலேயே 4-2 என வென்று, இந்தியா நான்காம் இடம் பெற்றது. அன்று மூன்று கோல்கள் அடித்தவர் நெவில் டிசோசா. 1960 ரோம் ஒலிம்பிக்கில் பெரு நாட்டுக்கு எதிராக நம் தமிழர் சைமன் சுந்தரராஜ் அடித்த கோலுக்குப் பிறகு, ஒலிம்பிக்கில் இந்திய ஆடவர் அணி கோல் அடித்ததே இல்லை. அங்கு சென்றதும் இல்லை.

1962 ஜகார்த்தா ஆசியப் போட்டியின்போது ரஹீமுக்குப் புற்றுநோய். இஸ்ரேலையும் தைவானையும் அழைக்காததை ஓர் இந்தியப் பிரதிநிதி கண்டித்ததால், அரங்கிலிருந்த பெருங்கூட்டம் நம் அணியைத் தூற்றியது. முதல் சுற்றில் நம்மைத் தோற்கடித்த தென்கொரியாவே இறுதியாட்டத்தில் எதிரணி. ரஹீமோ, தலையில் தையலுடன் இருந்த பின்காவலர் ஜர்னைல் சிங்கை முன்வரிசைக்கு அனுப்பினார்! அவர் ஒரு கோலும் பி. கே. பானர்ஜி ஒரு கோலும் அடிக்க, 2-1 என வெற்றி கிட்டியது. 1963 ஜூன் 11 அன்று ரஹீம் மறைந்தார்.

அடுத்து வந்த ஆங்கிலேயர் ஹாரி ரைட், 1964 ஆசியக் கோப்பையில் அணியை இரண்டாம் இடத்துக்குக் கொண்டு சென்றார். ஏட்டில் அது ரைட்டின் பெயரில் இருக்கிறது. ஆடியவர்களில் பெரும்பாலோர் ரஹீம் வார்த்தவர்கள். அன்று ஆடிய அணிகளும் நான்கே. எனவே அப்பெருமையில் பாதிக்கு மேல் மறைந்தவருக்கே உரியது என்பது எங்கள் எண்ணம். 1970 பாங்காக்கில் ஜப்பானை வென்று பெற்ற வெண்கலமே ஆசிய விளையாட்டுக் கால்பந்தில் நாம் கடைசியாகக் கண்ட பதக்கம். ரஹீமின் முறைகளைப் பள்ளிதோறும் பரப்ப யாரும் முனையவில்லையே என்பதுதான் வருத்தம். அக்குறையை அவர் மேல் ஏற்றுவது நியாயமன்று.

நெடுங்காலத்துக்குப் பின் பாப் ஹௌட்டன் வந்தார். ஸ்வீடனின் மால்மோ அணியை 1979 ஐரோப்பியக் கோப்பை இறுதியாட்டம் வரை அழைத்துச் சென்றவர். 2007, 2009 நேரு கோப்பைகளையும் 2008 ஏ.எஃப்.சி. சேலஞ்ச் கோப்பையையும் வென்று தந்தார். அதனால் 1984-க்குப் பிறகு முதன்முறையாக 2011 ஆசியக் கோப்பையில் ஆடினோம். அங்கு மூன்று ஆட்டங்களிலும் தோல்வி. மொத்தம் பதின்மூன்று கோல்கள் வாங்கினோம்.

2015-இல் இரண்டாம் முறையாகப் பொறுப்பேற்ற ஸ்டீஃபன் கான்ஸ்டன்டைன் வேறு வழியில் சென்றார். பல இளைஞர்களைத் துணிந்து இறக்கினார். அவ்வாண்டு மார்ச்சில் 173-ஆம் இடத்திலிருந்த அணி, 2017 ஜூலையில் 96-க்கு உயர்ந்தது. 2019 ஆசியக் கோப்பையில் தாய்லாந்தை 4-1 என வென்றும், பஹ்ரைனிடம் கடைசி நிமிடப் பெனால்டியில் தோற்று வெளியேறியதால் அவர் விலகினார். அடுத்த ஐந்தாண்டும் இகோர் ஸ்டிமாச் அணியை நடத்தினார். ஆசிய வெற்றியாளரான கத்தாரை 2019-இல் அவர்கள் மண்ணிலேயே கோலின்றிச் சமன் செய்தது அழகு, 2024-இல் ஆப்கானிஸ்தானிடம் தோற்றது அலங்கோலம். ஹௌட்டன் கோப்பைகளைத் தந்தார், கான்ஸ்டன்டைன் ஆட்களைத் தந்தார். தேர்வு செய்யச் சொன்னால் நாங்கள் பின்னவரையே தேர்வோம்.

மகளிர் அணியை மறக்கலாமா? அதன் முதல் பயிற்சியாளர் சுஷில் பட்டாச்சார்யா. பின்னாளில் கோவாவின் மைமோல் ராக்கி பொறுப்பேற்று, 2019 தெற்காசிய சாம்பியன்ஷிப்பை வென்றார். அவ்வணியில் கடலூர் இந்துமதியும் இருந்தார். 2022-இல் தாமஸ் டென்னர்பியின் கீழ் நம் நாட்டிலேயே ஆசியக் கோப்பையில் ஆடத் தொடங்கிய அணி, கொரோனாவால் பாதியில் விலக நேர்ந்தது. 2025 ஜூலை 5 அன்று கிறிஸ்பின் சேத்ரியின் அணி, சியாங் மாய் நகரில் தாய்லாந்தை 2-1 என வீழ்த்தி, தகுதிச் சுற்று வழியாகவே ஆசியக் கோப்பைக்கு முதன்முறையாகத் தேறியது. இரு கோல்களையும் அடித்தவர் சங்கீதா பாஸ்ஃபோர்.