பாடிப் பதியும்போது கணினி ஏன் ‘படபட’வென்று பொரிகிறது?

வீட்டு ஸ்டுடியோவுக்கென்று நிறைய கோர்கள் உள்ள பிராசசராகப் பார்த்து வாங்குகிறீர்கள். அப்படியும் பாடும்போது ஹெட்போனில் ‘படபட’ சத்தம். ஏன்?

உங்கள் குரலைக் கணினி நொடிக்கு 48,000 துளிகளாக நறுக்குகிறது என்று வைத்துக்கொள்வோம். அவற்றை 128 துளிகள் கொண்ட கட்டுகளாக எடுத்து வேலை செய்கிறது. இந்தக் கட்டுக்குப் பெயர் பஃபர். ஒரு கட்டுக்குக் கிடைக்கும் நேரம் சுமார் 2.7 மில்லி நொடிதான். அதற்குள் எக்கோ, ரிவெர்ப் எல்லாம் சேர்த்து முடிக்க வேண்டும். தாமதித்தால் ஒலியில் ஓட்டை விழும். அதுவே அந்தப் பொரியும் சத்தம்.

கல்யாணப் பந்தியை நினைத்துப் பாருங்கள். பத்து வரிசைக்குப் பத்துப் பேர் பரிமாறலாம். ஆனால் ஓர் இலையில் சாதம் விழுந்த பிறகுதானே சாம்பார்? அங்கே ஆள் கூடிப் பயனில்லை, கைவேகமே முக்கியம்.

ஒரு டிராக்கில் அடுக்கிய எஃபெக்ட்களும் அப்படித்தான். ஒன்று முடிந்தால்தான் அடுத்தது. பெரும்பாலும் ஒரே கோரில். டிராக்குகள் பெருகும்போதுதான் கூடுதல் கோர்கள் கைகொடுக்கும்.

ஆகவே முதலில் ஒற்றைக் கோரின் வேகத்தைப் பாருங்கள், எண்ணிக்கை அடுத்தது. பாடும்போது உங்கள் குரல் ஹெட்போனில் தாமதமாகக் கேட்காதிருக்க பஃபர் 128 இருக்கட்டும். மிக்ஸிங்கின்போது 1,024 ஆக்குங்கள். பிராசசருக்கு 21 மில்லி நொடி அவகாசம் கிடைக்கும்.