வதைமுகாமும் நகைச்சுவையும்



முப்பத்து நான்கு ஆண்டுகள் பள்ளியில் பணியாற்றித் தலைமையாசிரியனாக ஓய்வு பெற்றவன் நான். திரைப்படக் கலையில் எனக்குத் தனிப்பயிற்சி ஏதும் இல்லை. ஆயினும், பத்தாம் வகுப்பு மாணவி ஒருத்தி என்னிடம் கேட்ட வினா ஒன்று, போர்க்காலக் கொடுமைகளை நகைச்சுவையாகக் காட்டலாமா என்பது பற்றி என்னைப் பல நாள் எண்ணச் செய்தது. அவ்வினாவைச் சொல்லுமுன் சில படங்களைப் பற்றிச் சொல்லியாக வேண்டும்.

நகை பிறக்கும் இடங்கள் நான்கு என்பார் தொல்காப்பியர்: எள்ளல், இளமை, பேதைமை, மடன். இவற்றுள் எள்ளலையே படைக்கலமாக எடுத்தவர் சார்லி சாப்ளின். அவரும் இட்லரும் 1889-ஆம் ஆண்டு ஏப்ரல் திங்களில் நான்கு நாள் இடைவெளியில் பிறந்தவர்கள். இருவருக்கும் ஒரே வகைச் சிறுமீசை! இந்த ஒற்றுமையைப் பற்றிக்கொண்டு, 1940-இல் 'தி கிரேட் டிக்டேட்டர்' என்னும் படத்தைச் சாப்ளின் வெளியிட்டார். அமெரிக்கா போரில் இறங்காத காலம் அது. யூத முடிதிருத்துநர் ஒருவராகவும், அவர் இனத்தை ஒடுக்கும் சர்வாதிகாரியாகவும் அவரே நடித்தார். அருகருகே நாற்காலியில் அமர்ந்த இரு சர்வாதிகாரிகள், மற்றவனைவிடத் தான் உயர்ந்திருக்க வேண்டும் என்று நாற்காலிகளை மாறி மாறி உயர்த்திக் கூரையை எட்டும் காட்சி ஒன்று உண்டு. உலகையே நடுங்க வைத்தவர்களின் செருக்கு, விளையாட்டுத் திடலில் சிறுவர் இடும் போட்டியளவுக்குச் சுருங்கிவிடுகிறது. ஆசிரியப் பயிற்சி பெற்ற நாட்களில் இதனை முதன்முறை கண்டு, வயிறு வலிக்கச் சிரித்தேன்.

1942-இல் வெளிவந்தது எர்ன்ஸ்ட் லூபிட்ச் இயக்கிய 'டு பி ஆர் நாட் டு பி'. பெர்லினில் யூதக் குடும்பத்தில் பிறந்து ஹாலிவுட் சென்றவர் அவர். நாஜிகள் கைப்பற்றிய வார்ஷா நகரில் ஒரு நாடகக் குழுவினர் நாஜி வேடம் பூண்டு பகைவரை ஏமாற்றும் கதை. வார்ஷா துயருறும் வேளையில் இது என்ன விளையாட்டு என்று பலர் சினந்தனர். ஆனால் அப்படத்தில் கிரீன்பர்க் என்றொரு சிறு நடிகர் வருகிறார். ஈட்டி தாங்கி நிற்பதன்றி வேறு வேடம் கிட்டாதவர். ஷேக்ஸ்பியரின் ஷைலக்காக ஒரு நாளேனும் நடித்துவிட வேண்டும் என்பது அவர் ஆசை. இறுதியில், மெய்யான நாஜி வீரர்களின் முன்னிலையில், அந்த யூதன் தன் மனிதத்தன்மைக்காக வாதாடும் உரையை அவர் பேச நேர்கிறது. நகைச்சுவைப் படத்தின் நடுவே நகை நின்றுபோகும் இடம் அது. அவ்வேடம் பூண்ட பீலிக்ஸ் பிரஸார்ட்டும் ஜெர்மனியை விட்டு வெளியேறிய யூதரே.

இவ்விரு படங்களும் முகாம்களின் முழு உண்மை வெளிவருமுன் எடுக்கப்பட்டவை. போர் 1945-இல் முடிந்தபின் உலகம் அறிந்தது வேறு: கொல்லப்பட்ட யூதர்கள் ஏறத்தாழ அறுபது லட்சம் பேர். முகாம்களின் மெய்யான கொடுமையை முன்னரே அறிந்திருந்தால் அப்படத்தை எடுத்திருக்கவே இயலாது என்று சாப்ளின் 1964-இல் தம் வாழ்க்கை வரலாற்றில் எழுதினார். ஒரு கலைஞன் தன் வெற்றியைப் பற்றி இவ்வாறு எழுதுவது எளிதன்று. எனினும் அவர் தம்மைச் சற்று மிகையாகவே கடிந்துகொண்டார் என்பது என் கருத்து. அவர் எள்ளியது கொல்பவனையேயன்றிக் கொல்லப்பட்டவனை அன்று.

1945-க்குப் பின் எள்ளல் மட்டும் போதாதாயிற்று. அறுபது லட்சம் பிணங்களின் எதிரே மீசையைக் கேலி செய்து என்ன பயன்? 1997-இல் இத்தாலியரான ரொபெர்த்தோ பெனீனி வேறு வழி கண்டார். 'லைஃப் இஸ் பியூட்டிபுல்' என்று உலகம் அறிந்த படம் அது. 1999-இல் மூன்று ஆஸ்கார் விருதுகளைப் பெற்றது. பெனீனியின் தந்தையே பெர்கன்-பெல்சன் முகாமில் துன்புற்று மீண்டவர்.

குய்தோ என்னும் யூதத் தந்தையும் அவனுடைய சிறு மகனும் முகாமுக்குக் கொண்டு செல்லப்படுகின்றனர். இதெல்லாம் ஒரு விளையாட்டு. ஆயிரம் புள்ளி எடுப்பவர்க்கு மெய்யான பீரங்கி வண்டி பரிசு என்கிறான் தந்தை. ஜெர்மானியக் காவலன் முகாமின் விதிகளை உறுமுகிறான். அம்மொழி அறியாத குய்தோ, மொழிபெயர்க்க முன்வந்து, அழுதால் புள்ளி போகும், அம்மா வேண்டும் என்றால் போகும், பசிக்கிறது என்றால் போகும் என்று அதே உறுமலில் அறிவிக்கிறான். தொல்காப்பியர் சொன்ன மடன் என்பதற்கு, பிறர் சொன்னதை ஏற்று, ஏற்றதை விடாதிருத்தல் என்று உரையாசிரியர் விளக்கம் தருவர். அச்சிறுவனிடம் காண்பது அதுவே. அவன் அறியான், நாம் அறிவோம். நம் அறிவு இருக்கும்வரைதான் அந்த நகை நகையாகும்.

இதனை நான் உணர்ந்தது ஒரு பிழையினால். இரண்டாம் உலகப் போர்ப் பாடம் முடிந்ததும், முன்னுரை எதுவுமின்றிப் பத்தாம் வகுப்புக்கு இப்படத்தைக் காட்டினேன். பிள்ளைகள் மகிழ்ந்து சிரித்தனர். இறுதியில், ஒளிந்திருக்கும் மகன் காண்கிறான் என்பதற்காகக் குய்தோ பொம்மைச் சிப்பாய்போல் கால் வீசி நடந்து, சுடப்படுவதற்குச் செல்கிறான், அதற்கும் சிரித்தனர். படம் முடிந்ததும் முன் வரிசைப் பெண்ணொருத்தி எழுந்து கேட்டாள்: "ஐயா, மற்றப் பிள்ளைகளின் அப்பாக்கள் விளையாட்டுச் சொல்லித் தந்திருந்தால் அவர்களும் பிழைத்திருப்பார்கள் அல்லவா?"

என்னிடம் விடை இல்லை. மணியடித்தது, வெட்கத்தோடு சொல்கிறேன், அம்மணி எனக்கு ஆறுதலாக இருந்தது.

அச்சிறுமி கூறியதன் பொருளை அன்றிரவுதான் முழுதும் உணர்ந்தேன். இறந்த குழந்தைகளின் தந்தையர் மேல் அறியாமலே பழி சுமத்திவிட்டது அவ்வினா. படத்தின் குறை அதில் உண்டு. மெய்யான ஆஷ்விட்ஸில் சிறுவர்களுள் மிகப் பெரும்பாலோர் வந்திறங்கிய அன்றே நச்சுவாயு அறைக்கு அனுப்பப்பட்டனர். எந்தத் தந்தையின் சூழ்ச்சிக்கும் அங்கே நேரமில்லை. ஆனால் படத்தை மட்டும் குறை சொல்லித் தப்பிக்க முடியவில்லை. மற்றச் சிறுவர்களைக் 'குளிக்க' அழைத்துச் சென்றபோது, குளியலை வெறுத்த இவன் ஓடிவந்ததால் அன்று பிழைத்தான் என்பதும், பனிமூட்டத்தில் குய்தோ பிணக்குவியலைக் கண்டு திகைப்பதும் படத்திலேயே உள்ளன. அவற்றைப் பிள்ளைகள் கண்டனர். அவை என்னவென்று அறியவில்லை. அறிவித்திருக்க வேண்டியவன் நான்.

மறுநாள் கரும்பலகையில் பதினைந்து லட்சம் என்று எழுதினேன். கொல்லப்பட்ட யூதச் சிறுவர் தொகை ஏறத்தாழ அவ்வளவு. அந்தத் தந்தையரும் தம்மால் ஆனதையெல்லாம் செய்திருப்பர் என்றேன். அப்பெண் எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தாள். பின், ஏதோ கேட்க வாயெடுத்து, கேளாமலே அமர்ந்தாள்.

அடுத்த ஆண்டும் அப்படத்தைக் காட்டினேன், கரும்பலகையில் முதலிலேயே அத்தொகையை எழுதிவிட்டு. மொழிபெயர்ப்புக் காட்சியில் அவ்வகுப்பும் சிரித்தது, முன்னதைவிடத் தாழ்ந்த குரலில். குய்தோ கால் வீசி நடந்தபோது யாரும் சிரிக்கவில்லை.