முழங்காலில் அடிபட்டால் முடங்கிக் கிடக்கலாமா?

பனியில் வழுக்கி விழுந்தோ, கோடைகால உதைபந்தாட்டப் போட்டியில் காலை முறுக்கிக்கொண்டோ முழங்காலில் அடிபடுவது நம்மவர்களுக்குப் புதிதல்ல. அடிபட்டவரைப் படுக்கவைத்து, முழங்காலுக்குக் கீழே ஒரு தலையணையையும் வைத்து, "ஆறும்வரை அசையாதே" என்று சொல்லிவிடுவோம். அன்பினால் சொல்வதுதான். ஆனால் பல வேளைகளில் அந்தத் தலையணைதான் வினை.

வீங்கிய முழங்கால் சற்று மடங்கியிருக்கும்போது நோ குறையும். அதனால் கால் அப்படியே இருக்கத்தான் விரும்பும். நாட்கணக்கில் விட்டால் மூட்டைச் சுற்றியுள்ள பகுதிகள் இறுகி, காலை முழுமையாக நீட்ட முடியாமல் போகும். பிறகு நொண்டித்தான் நடக்க வேண்டும். தொடையின் முன்தசையும் விரைவில் மெலிந்துவிடும். தலையணை வைப்பதானால் குதிக்காலுக்குக் கீழே வையுங்கள். முழங்கால் தன் பாரத்திலேயே நீளும்.

ஓய்வு, ஐஸ், இறுக்கிக் கட்டுதல், உயர்த்தி வைத்தல் என்ற முறையை 1978 இல் எழுதியவர் அமெரிக்க வைத்தியர் கேப் மேர்க்கின். முழு ஓய்வும் ஐஸும் குணமாவதைத் தாமதப்படுத்தலாம் என்று அவரே பின்னாளில் கருத்தை மாற்றிக்கொண்டார். நோவைக் குறைக்க, துணியில் சுற்றிய ஐஸைச் சிறிது நேரம் வைக்கலாம். ஆனால் வீக்கம் இருக்கும்போது எண்ணெய் போட்டு அழுத்தி உருவ வேண்டாம், அம்மம்மா எவ்வளவு சொன்னாலும்!

வைத்தியர் அனுமதித்ததும், படுத்தபடி காலை நீட்டி, முழங்காலைக் கட்டிலோடு அழுத்தித் தொடையை 5 விநாடிகள் இறுக்கி விடுங்கள். இப்படி 10 தடவைகள். பிறகு குதிக்காலைக் கட்டிலில் உரசியபடி மெதுவாக உடம்பை நோக்கி இழுத்து மடக்குங்கள். காலுறை போட்டிருந்தால் சுலபமாக வழுக்கும். இழுப்பது போலிருக்கலாம், குத்தும் நோ வரக்கூடாது. மறுநாள் வீக்கம் கூடியிருந்தால் முதல்நாள் செய்தது அதிகம் என்று பொருள். சத்திரசிகிச்சை செய்தவர்கள் எவ்வளவு மடக்கலாம் என்பதைக் கேட்காமல் தொடங்கவேண்டாம்.

இன்னொன்று. சமதரையில் நடக்க முழங்கால் ஏறக்குறைய 60 பாகை மடங்கினால் போதும். கதிரையிலிருந்து எழும்ப 90 பாகையளவில் வேண்டும். கோயிலில் சப்பாணி கட்டி இருக்கவும் குந்தி இருக்கவும் அதைவிட நிறைய வேண்டும். இது இந்நாட்டு இயன்மருத்துவருக்குத் தெரியாமல் இருக்கலாம். படி ஏறி இறங்கியதும் "எல்லாம் சரி" என்று அனுப்பிவிடக்கூடும். "நான் நிலத்தில் இருந்து கும்பிட வேண்டும்", "என் மகள் அரைமண்டியில் ஆட வேண்டும்" என்று முதல் நாளே கூச்சப்படாமல் சொல்லுங்கள். அதற்கேற்பப் பயிற்சி தருவார்.

முழங்கால் பூட்டுப் போட்டதுபோல் நின்றுவிட்டாலோ, காலூன்றி நான்கு எட்டுக்கூட வைக்க முடியாவிட்டாலோ, மூட்டு சிவந்து காய்ச்சல் வந்தாலோ, கெண்டைக்கால் வீங்கி நொந்தாலோ அன்றே வைத்தியசாலைக்குப் போங்கள். மூச்சுத்திணறலோ நெஞ்சுநோவோ சேர்ந்தால் அவசர உதவி வண்டியை அழையுங்கள்.