வைகறையில் முத்துக்குளிப்போமா?



காலையில் உங்களை எழுப்புவது யார்? அம்மாவா, அலாரமா? "இன்னும் அஞ்சே நிமிஷம்மா..." என்று போர்வையை இழுத்து மூடிக்கொள்பவரா நீங்கள்? பயப்படாதீர்கள், திட்ட மாட்டேன். சின்ன வயதில் நானும் அப்படித்தான்!

எங்கள் ஊர் தூத்துக்குடி. சூரியன் கடலிலிருந்து எழுந்து வருவதை இங்கே பார்க்கலாம். ஆனால், சூரியனுக்கு முன்பே ஊரில் பாதிப் பேர் எழுந்துவிடுவார்கள். வெயில் ஏறுவதற்குள் வேலையை முடிக்க, உப்பளத் தொழிலாளர்கள் இருட்டிலேயே கிளம்புவார்கள். மீன்பிடிக்கச் செல்பவர்கள் வள்ளங்களைக் கடலில் தள்ளுவார்கள்.

அந்தக் காலத்தில் முத்துக்குளிக்கப் போனவர்களும் இப்படித்தான். ஏன் தெரியுமா?

காற்று காத்திருக்காது

இரவில் கடலைவிட நிலம் சீக்கிரம் குளிர்ந்துவிடும். அப்போது நிலத்திலிருந்து கடலை நோக்கிக் காற்று வீசும். இது நிலக்காற்று. பகலில் நிலம் சீக்கிரம் சூடாகிவிடும். அப்போது கடலிலிருந்து கரையை நோக்கிக் காற்று வீசும். இது கடற்காற்று. அறிவியல் பாடத்தில் படித்திருப்பீர்களே!

எஞ்சின் இல்லாத அந்தக் காலத்தில், பாய்மரத் தோணிகள் நள்ளிரவுக்குப் பின் நிலக்காற்றில் புறப்படும். முத்துச்சிப்பிகள் இருக்கும் கடலடிப் பாறைத்திட்டுக்கு 'பார்' என்று பெயர். விடியும்போது தோணிகள் அங்கே போய்ச் சேரும். வெளிச்சம் வந்ததும், கயிற்றில் கட்டிய கல்லின் உதவியால் ஆட்கள் கடலுக்குள் இறங்குவார்கள். மூச்சை அடக்கிக்கொண்டு, ஏறக்குறைய ஒரு நிமிடத்துக்குள் கைக்குக் கிடைத்த சிப்பிகளைக் கூடையில் அள்ளிப்போட்டு மேலே வருவார்கள். நண்பகலில் வேலை முடியும். கடற்காற்று தோணிகளைக் கரைக்குக் கொண்டுவந்து சேர்க்கும்.

"இன்னும் அஞ்சு நிமிஷம்" என்று படுத்திருந்தால் காற்று காத்திருக்குமா? 1961-க்குப் பிறகு இங்கே பெரிய அளவில் முத்துக்குளிப்பு நடக்கவில்லை. ஆனாலும், விடியற்காலையில் கிடைக்கும் இன்னொரு முத்து இருக்கிறது. அதை எனக்குக் காட்டியவள் ஒரு மாணவி.

நான் கற்றுக்கொண்ட பாடம்

1990-களில் நடந்தது. எட்டாம் வகுப்பில் ஒரு பெண், தினமும் இரண்டாவது பாடவேளையில் தூங்கி வழிவாள். ஒருநாள் எனக்குக் கோபம் வந்துவிட்டது. எல்லார் முன்னாலும் எழுப்பி நிறுத்தி, "ராத்திரி முழுக்க டி.வி.யா?" என்று கேட்டேன். வகுப்பே சிரித்தது. அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

மதியம் தனியாகக் கூப்பிட்டு விசாரித்தேன். ஒரே அறை உள்ள வீடு. ஆறு பேர். தம்பியைத் தூக்க வேண்டும், தண்ணீர் பிடிக்க வேண்டும். எல்லாரும் படுக்கப் பதினொரு மணி ஆகிவிடும்.

"அப்பா மூணரைக்குக் கடலுக்குப் போவாவ. அப்ப எனக்கும் முழிப்பு வந்துரும் டீச்சர். அப்புறம் உறங்க மாட்டேன்."

"எழுந்து படிப்பியா?"

"இல்ல டீச்சர். வாசல்ல சும்மா உக்காந்திருப்பேன். நோட்டுல வள்ளம் வரைவேன். அந்த நேரத்துல மட்டுந்தான் யாரும் என்னையக் கூப்பிட மாட்டாவ."

எனக்குப் பேச்சே வரவில்லை. நாள் முழுவதும் யாருக்காவது வேலை செய்யும் அந்தப் பிள்ளைக்கு, அது ஒன்றுதான் சொந்த நேரம்! அது தெரியாமல் எல்லார் முன்னாலும் சிரிக்க வைத்துவிட்டேனே! மறுநாள் அதே வகுப்பில், "நேற்று நான் பேசியது தப்பு" என்று சொன்னேன்.

பிறகு அவள் அம்மாவைப் பார்த்துப் பேசினேன். ஒன்பது மணிக்குள் அவளைப் படுக்கவிட ஒப்புக்கொண்டார்கள். அவளிடமும், "மூணரைக்கு வேண்டாம், அஞ்சரைக்கு எழுந்திரு. அந்த நேரமும் உன்னுடையதுதான்" என்றேன். கொஞ்ச நாளில் வகுப்பில் தூங்குவது நின்றது. வள்ளம் வரைவது நிற்கவில்லை!

இராமேசுவரத்துச் சிறுவன்

எங்கள் மன்னார் வளைகுடாவின் வடகோடியில் இருக்கிறது இராமேசுவரம். 1931-இல் அங்கே பிறந்த ஒரு சிறுவன், கணக்குப் பாடம் கற்பதற்காகக் காலை நான்கு மணிக்கே எழுந்து, குளித்துவிட்டு ஓடுவான். குளிக்காமல் வந்தால் ஆசிரியர் சேர்த்துக்கொள்ள மாட்டார்! பிறகு தொழுகை. அதன்பின், ஓடும் இரயிலிலிருந்து வீசப்படும் செய்தித்தாள் கட்டுகளை எடுத்து வீடு வீடாகப் போடுவான். இரண்டாம் உலகப் போர் நடந்த காலம் அது. இரயில் அங்கே நிற்காது.

யாரென்று கண்டுபிடித்துவிட்டீர்களா? 2002 முதல் 2007 வரை நம் குடியரசுத் தலைவராக இருந்த ஆ.ப.ஜெ. அப்துல் கலாம்தான்!

நீங்களும் நான்கு மணிக்கே எழ வேண்டும் என்று நான் சொல்லவில்லை. 6 முதல் 12 வயது வரை உள்ளவர்களுக்கு நாளுக்கு 9 மணி நேரமாவது தூக்கம் வேண்டும். 13 வயதுக்கு மேல் 8 மணி நேரமாவது வேண்டும். தூக்கத்தைத் திருடி எழுந்தால் வகுப்பில் தலை ஆடும். ஆகவே, சீக்கிரம் எழுவது காலையில் தொடங்குவதில்லை. முந்தைய இரவு தொடங்குகிறது. எட்டரைக்குப் படுத்தால் ஐந்தரைக்கு எழலாம். கணக்கு சரிதானே?

என்ன செய்யலாம்?

எழுந்ததும் செல்போனைத் தொடாதீர்கள். தொட்டால் அந்த நேரம் உங்களுடையதாக இருக்காது. வீட்டுப்பாடத்தையும் அப்போது எடுக்க வேண்டாம். அதற்கு வேறு நேரம் ஒதுக்குங்கள். முகம் கழுவி, வாசலிலோ மாடியிலோ அரைமணி நேரம் உட்காருங்கள். கிழக்கே விடிவெள்ளி தெரிகிறதா பாருங்கள். எந்தப் பறவை முதலில் கூவுகிறது என்று கேளுங்கள். படம் வரையலாம், கதை படிக்கலாம், மனதில் தோன்றுவதை எழுதலாம். சும்மாவும் இருக்கலாம்! உங்கள் வீட்டிலும் உதவிக்கு ஆள் தேவைப்படும். அரைமணி முடிந்ததும் அம்மாவுக்கு ஒரு குடம் தண்ணீர் எடுத்துக் கொடுங்கள்.

சென்ற ஆண்டு கடைத்தெருவில் அந்த மாணவியைப் பார்த்தேன். இப்போது இரண்டு பிள்ளைகளுக்குத் தாய். "இப்பவும் வரையிறியா?" என்று கேட்டேன்.

"காலையில அரைமணி நேரம் டீச்சர். இப்ப சின்னவளும் எந்திரிச்சு வந்து பக்கத்துல உக்காந்துக்கிடுதா. ரெண்டு பேரும் பேசிக்கிட மாட்டோம்!" என்று சிரித்தாள்.

நாளைக் காலை நீங்களும் எழுந்து பாருங்கள், குழந்தைகளே!